சமன் டின்னிலிருந்து சால்மன் ஆற்றுக்கு

எதிர்பாராமல் விருந்தாளி வந்துவிட்டால் எங்கள் வீடுகளில் முதலில் நடப்பது, சின்னவன் ஒருவனைக் கடைக்கு ஓடச்செய்து ஒரு சமன் டின் வாங்குவதுதான். வெங்காயமும் கொச்சிக்காயும் போட்டு வதக்கினால் பத்து நிமிடத்தில் கறி தயார். அந்த டின்னுக்குள் இருப்பது பெரும்பாலும் மெக்கரல் என்னும் வேறொரு மீன் என்பதும், சால்மன் என்ற பெயர் மட்டும் எங்கள் வாயில் சமனாகி ஒட்டிக்கொண்டது என்பதும் எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகே தெரியவந்தது. உண்மையான சால்மனை அதன் சொந்த ஆற்றிலேயே காணும் வாய்ப்பு 2024 ஜூலை மாதக் கடைசியில் கிடைத்தது.

என் ராத்தாவின் மூத்த மகன் அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், அங்கரேஜ் நகரில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வசிக்கிறார். ராத்தா அவரைக் கண்டு ஒன்பது வருடங்களாகிவிட்டன. மச்சான் மௌத்தான பிறகு அவ தனியே இவ்வளவு தூரம் பிரயாணம் செய்ய முடியாது என்பதால் துணைக்கு நான் போனேன். விசா எடுத்த பாட்டையும் விமானங்கள் மாறிய பாட்டையும் எழுதினால் அதுவே ஒரு தனிக் கட்டுரையாகும், அதை விட்டுவிடுகிறேன்.

அலாஸ்காவை 1867 இல் ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா 72 இலட்சம் டொலருக்கு வாங்கியது. எங்கள் இலங்கையைப் போல 26 இலங்கைகளை அதற்குள் வைக்கலாம். ஆனால் சனத்தொகை எட்டு இலட்சத்தைக்கூடத் தொடவில்லை. நாங்கள் இருந்த நாட்களில் இரவு 10.50 அளவில்தான் மஃரிப். லுஹருடைய நேரம் பிற்பகல் 2 மணி கடந்த பிறகே ஆரம்பமாகும். கிப்லா ஏறக்குறைய நேர் வடக்கு. உலக உருண்டையின் உச்சியைத் தாண்டித்தான் அங்கிருந்து மக்காவுக்குக் குறுக்கு வழி. மேற்கை நோக்கியே பழகிப்போன ராத்தாவுக்கு முதல் இரண்டு நாளும் முஸல்லாவை விரிக்கும்போது ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது.

"மாமா, உங்கள மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போறதுக்கு ஆறு மாசத்துக்கு முன்னமே சொல்லி வெச்சிருக்கேன்" என்றார் மருமகன். கோடை காலத்தில் மீன் பிடிப்பதற்கென்றே உலகின் பல பாகங்களிலிருந்தும் ஆட்கள் அங்கே வருகிறார்கள். அவர்களைப் படகில் ஏற்றி, தூண்டில் கொடுத்து, இடம் காட்டி, பிடித்த மீனை வெட்டியும் கொடுப்பதற்கு அனுமதிப்பத்திரம் பெற்ற வழிகாட்டிகள் இருக்கிறார்கள். கீனாய் ஆற்றில் வழிகாட்டியாக வேலை செய்ய விரும்புபவர் அதற்கென ஒரு வாரப் படிப்பை முடித்திருக்க வேண்டும். வெளியூர்க்காரரான நாங்களும் ஒரு நாளுக்குரிய அனுமதிப்பத்திரம் வாங்கினோம். ராத்தா தன் பெயர் எழுதிய அந்தக் கடதாசியைப் பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டா. "மீன் புடிக்க லைசன்ஸ் எடுத்த முதல் பொம்பிள நம்மட ஊர்ல நான்தான்" என்று சொல்லிச் சிரித்தா.

அங்கரேஜிலிருந்து தெற்கே போகும் பாதை ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் கடலுமாக வளைந்து செல்கிறது. ஏறத்தாழ 100 மைல் தூரத்தில் கூப்பர் லேண்டிங் என்ற சிற்றூர். கீனாய் ஏரியிலிருந்து கீனாய் ஆறு புறப்படும் இடம் அதுதான். அந்த ஆற்று நீரின் நிறத்தை எப்படிச் சொல்வேன்! பச்சையுமில்லை, நீலமுமில்லை. பனிமலைகள் பாறையை அரைத்து அரைத்து மாவாக்கி நீரில் கலப்பதால் வரும் நிறமாம் அது. கையை வைத்தேன், விரல் மரத்துப் போயிற்று.

ஆற்றின் மேற்பகுதியில் இயந்திரப் படகுக்கு அனுமதியில்லை. எங்கள் வழிகாட்டி ஐம்பது வயது கடந்த, அதிகம் பேசாத மனிதர். துடுப்பாலேயே படகை நீரோட்டத்தில் தடுத்தும் விட்டும் கொண்டுபோனார். அன்று நாங்கள் தேடியது வானவில் ட்ரவுட். நாலைந்து இறாத்தல் நிறையுள்ள, விலாவில் ரோசா நிறக் கோடு ஓடுகின்ற அழகான மீன். சால்மனுக்கும் அதற்கும் இருக்கும் தொடர்பை அவர் விளங்கப்படுத்தினார். சால்மன் முட்டையிடும்போது ட்ரவுட் அதன் பின்னால் நின்று உருண்டுவரும் சினையைத் தின்னும். சால்மன் செத்து அழுகினால் அந்தச் சதைத் துணுக்கைத் தின்னும். ஆகவே அவருடைய பெட்டியில் இருந்தவை புழுவோ இறாலோ அல்ல. ஒன்று சினை முட்டையைப் போன்ற சிறிய பிளாஸ்டிக் மணிகள், மற்றது அழுகிய சதையின் நிறத்தில் முயல் ரோமத்தால் கட்டிய கொக்கிகள். அந்த மணிகளில் மாத்திரம் இருபது விதமான செம்மஞ்சள் நிறங்களைக் கண்டேன். முட்டை புதியதா, இரண்டு நாள் பழையதா என்பதற்கேற்ப நிறம் மாற வேண்டுமாம். ராத்தா அந்தப் பெட்டியைத் தஸ்பீஹ் மணிக் கடை என்றா.

அரை மணித்தியாலத்தில் என் தூண்டில் வளைந்தது. என்ன பலம்! மீன் இரண்டு தடவை தண்ணீருக்கு வெளியே பாய்ந்தது. வழிகாட்டி வலையால் ஏந்தினார். ஒன்றரை முழத்துக்கு மேலிருந்த மீன். கையை நனைத்துக்கொண்டு, மீனை நீருக்குள்ளேயே வைத்தபடி கொக்கியைக் கழற்றி, தலையை நீரோட்டத்துக்கு எதிராகச் சிறிது நேரம் பிடித்திருந்து, விட்டுவிட்டார். மீன் போய்விட்டது.

ராத்தா என்னைப் பார்த்தா, மகனைப் பார்த்தா. "தின்னாத மீன ஏன் வாப்பா புடிக்கிற?"

பெரிய ட்ரவுட்டை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. இனம் பெருக்குபவை அவையே என்பதால் விட்டேயாக வேண்டும். மருமகன் இதை விளங்கப்படுத்தினார். சரிதான். ஆனால் ராத்தாவின் கேள்வி அதுவல்ல. விடுவதற்கென்றே பிடிப்பது எதற்கு என்பதுதான். உயிருள்ளதை விளையாட்டுக்கு இலக்காக்கக் கூடாதென்று மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவன் நான். இரண்டாவது மீனும் வந்து, அதன் வாயோரம் கொக்கி கிழித்த சிறு இரத்தத்தையும் கண்டபோது தூண்டிலை மெதுவாகப் படகுக்குள் வைத்துவிட்டேன். இங்கே நான் ஒரு ஃபத்வாவை எழுத வரவில்லை. என் மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

வழிகாட்டி கோபிக்கவில்லை. இந்த மீனைப் பிடித்து விடுகிறவர்கள் கொடுக்கும் காசும் எழுப்பும் சத்தமும் இருப்பதனால்தான் ஆற்றைப் பாதுகாக்க ஆளிருக்கிறது என்று சொன்னார். அவர் சொன்னதில் உண்மையில்லாமலில்லை. ஆனால் மருமகனின் முகம் வாடிவிட்டது. எங்களுக்கென்று மிச்சம் பிடித்த காசில் ஏற்பாடு செய்த பிரயாணம். மிச்சமிருந்த நாலு மணி நேரமும் அவரும் தூண்டில் போடவில்லை. மூவரும் கழுகுகளையும் கரையில் மீன் முள்ளை நக்கிக்கொண்டிருந்த ஒரு பழுப்புக் கரடியையும் பார்த்துக்கொண்டு ஆற்றோடு போனோம். அவருடைய சந்தோஷத்தைக் கெடுத்துவிட்டேனோ என்ற எண்ணம் அன்றிரவு என்னைத் தூங்க விடவில்லை. வெளிச்சமும் விடவில்லை என்பது வேறு விடயம்.

மறுநாள் ஹோமர் என்னும் ஊருக்குப் போனோம். அங்கரேஜிலிருந்து அது 220 மைலுக்கு மேல். பாதை முடிந்து, அதற்கப்பாலும் நாலரை மைல் நீளத்துக்கு ஒரு மணல் நாக்கு கடலுக்குள் நீண்டுகொண்டு போகிறது. 1964 மார்ச் 27 இல் அலாஸ்காவை உலுக்கிய 9.2 அளவான பூமியதிர்ச்சியில் இந்த நாக்குப் பல அடிகள் தாழ்ந்துவிட்டதாம். அதன் நுனியில்தான் ஹலிபட் மீன்பிடிப் படகுகளின் துறை.

ஹலிபட் எங்கள் பக்கத்து நாக்கு மீனின் இனம். ஆனால் கதவளவுக்கு வளரும். 1996 இல் அலாஸ்காவின் மேற்குத் தீவுகளில் தூண்டிலில் அகப்பட்ட ஒன்று 459 இறாத்தல். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போல இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண். வளர வளர இடது கண் தலையைச் சுற்றிக்கொண்டு வலது பக்கத்துக்கு வந்துவிடும். பிறகு கடலடியில் ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டே வாழ்நாளைக் கழிக்கும். மேல்பக்கம் மண்ணின் நிறம், கீழ்ப்பக்கம் வெள்ளை. ஸுப்ஹானல்லாஹ்! மிகப் பெரியவையெல்லாம் பெண் மீன்கள். இந்த மீனைப் பங்கிட்டுக் கொள்வதற்காக அமெரிக்காவும் கனடாவும் 1923 இலேயே ஓர் ஆணைக்குழுவை அமைத்துவிட்டன. நாங்கள் போன வருடம் வழிகாட்டிப் படகில் போகிற ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு மீன். அதில் ஒன்று 28 அங்குலத்துக்குக் கூடாது. புதன்கிழமைகளில் பிடிக்கவே கூடாது.

சுபஹ் தொழுதுவிட்டு ஆறு மணிக்கெல்லாம் படகேறினோம். லுஹரைப் படகில் எப்படித் தொழுவது என்று ஓடும் படகில் தொழுவதன் சட்டங்களையெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். படகு நாலு மணிக்குக் கரை திரும்பிவிட்டது. லுஹருக்கும் நேரமிருந்தது, அஸருக்கும் நேரமிருந்தது. என் கிதாபு அறிவுக்கு அன்று வேலை இருக்கவில்லை. வேலை இருந்தது வயிற்றுக்குத்தான். குடாவைத் தாண்டியதும் கடல் புரட்ட ஆரம்பித்தது. நான் படகோரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கிடந்ததை விரிவாக எழுதி வாசக சகோதரிகளின் சாப்பாட்டைக் கெடுக்க விரும்பவில்லை. ராத்தாவுக்கு ஒன்றுமேயில்லை. இஞ்சித் துண்டொன்றை மென்றுகொண்டு, சுற்றிப் பறந்த வண்ண மூக்குப் பஃபின் பறவைகளையும், மல்லாந்து மிதந்துகொண்டிருந்த கடல் நீர்நாய்களையும் மகனுக்குக் காட்டிக்கொண்டிருந்தா.

அந்தப் பகுதியில் நீர் ஏறி இறங்கும் வித்தியாசம் சில நாட்களில் 25 அடிக்கும் மேல். ஓட்டம் பலமாயிருந்தால் இரண்டு இறாத்தல் ஈயக்குண்டும் அடியில் நிற்காது. ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையில் கடல் சற்று ஓய்கிற நேரத்தைக் கணக்கிட்டுத்தான் நங்கூரம் போடுகிறார்கள். இரை ஹெரிங் மீன். கொக்கி வட்டமாக வளைந்தது. மீன் கடித்தவுடன் இழுக்கக் கூடாது. பொறுத்திருந்தால் மீனே திரும்பிப் போகும்போது தாடையோரத்தில் தானாக மாட்டிக்கொள்ளும். மற்றவர்கள் எல்லாரும் அவசரப்பட்டு இழுத்து இழுத்து விட்டார்கள். "பொறு, பொறு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த ராத்தாவின் தூண்டிலில்தான் முதல் மீன் மாட்டியது. 200 அடி ஆழத்திலிருந்து சுற்றிச் சுற்றி ஏற்றுவது கிணற்றில் பெரிய வாளி இறைப்பதுபோல என்று பிறகு சொன்னா. பாதியில் மகன் கை கொடுத்தார். மேலே வந்தது 30 இறாத்தல் அளவு. இதைவிடப் பன்மடங்கு பெரியது வந்தால் உயிரோடு படகுக்குள் எடுக்க மாட்டார்களாம். வாலை அடித்து ஆட்களின் காலை முறித்துவிடும் என்பதால் முதலில் ஈட்டியாலோ துப்பாக்கியாலோ கொன்றுவிடுவார்கள்.

கரையில் படகோட்டி மீனைத் துண்டு போட்டதை ராத்தா இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றா. முதுகெலும்பு நெடுகக் கத்தியை ஓட்டி நாலு பெரிய சதைப்பாளங்கள். பிறகு கன்னத்திலிருந்து வட்டமாக இரண்டு துண்டு; அதுதான் மிக ருசியானதாம். தலையையும் முள்ளையும் அப்படியே எறியப் போனார். "தலைய வீசாதீங்கோ!" என்று ராத்தா தமிழிலேயே சத்தம் போட்டா. அவர் விளங்கிக்கொண்டு பையில் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் சோல்டொட்னா நகரில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு மீனைப் பார்த்தோம். 1985 மே 17 இல் லெஸ் அண்டர்சன் என்பவர் கீனாய் ஆற்றில் பிடித்த அரச சால்மன். 97 இறாத்தல் 4 அவுன்ஸ். தூண்டிலால் பிடிக்கப்பட்ட அரச சால்மன்களில் உலகில் இதைவிடப் பெரியது இல்லை. அந்த மீனால் உலகப் புகழ் பெற்ற ஆற்றில் 2023 இலும், நாங்கள் போன 2024 இலும், அடுத்து 2025 இலும் அரச சால்மன் பிடிப்பதே தடை செய்யப்பட்டது. வந்து சேரும் மீன் குறைந்துவிட்டது. வருபவையும் முன்னையவற்றை விடச் சிறியவை, இளையவை. கடல் சூடாவது ஒரு காரணம் என்கிறார்கள்; ஆழ்கடல் இழுவைப் படகுகளைச் சிலர் சாடுகிறார்கள்; வழக்குகளும் வாக்குவாதங்களும் நடக்கின்றன. ட்ரவுட் வழிகாட்டி சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. இருபது வருடம் அரச சால்மன் வழிகாட்டியாக இருந்தவர், அதை மூடிய பிறகே ட்ரவுட்டுக்கு வந்தவர் அவர். தன் மகன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை என்றும் சொல்லியிருந்தார். அதைச் சொல்லும்போது துடுப்பை ஒரு தடவை தவறவிட்டார்.

கடைசி நாள் கீனாய் ஆற்றின் கழிமுகம். இங்கே வழிகாட்டியும் இல்லை, சுற்றுலாவும் இல்லை. மாநிலத்தில் நிரந்தரமாக வசிப்பவர்கள் ஜூலை 10 முதல் 31 வரை குடும்பத் தேவைக்காக வலை போட்டு எடுக்கலாம். குடும்பத் தலைவருக்கு 25 மீன், மற்ற ஒவ்வொருவருக்கும் 10. ஐந்தடி அகல வளையத்தில் வலை கட்டி, நீண்ட தடி பூட்டி, நெஞ்சளவு குளிர் நீரில் நின்றுகொண்டிருப்பார்கள். எடுத்த மீனின் வால் நுனி இரண்டையும் வெட்டிவிட வேண்டும். விற்பதைத் தடுக்க அந்த அடையாளம். எங்களைப் போன்ற வெளியூரார் வலையைத் தொடவே கூடாது.

வந்துகொண்டிருந்தது சிவப்புச் சால்மன். அண்மைய வருடங்களில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை இந்த ஆற்றில் ஏறுகின்றன. ஒலியலைக் கருவியை நீருக்குள் வைத்து எண்ணுகிறார்கள். அரசனுக்குப் பஞ்சம், சிவப்புக்குப் பெருக்கம்! கடலில் வெள்ளி போல இருக்கும் இம்மீன், ஆற்றில் ஏறி முட்டையிடும் காலத்தில் உடல் சிவந்து தலை பச்சையாகிவிடும். ஆற்றில் நுழைந்தது முதல் இரை தின்னாது. முட்டையிட்டதும் செத்துவிடும்.

மருமகன் நீருக்குள் நின்றார். ராத்தா கரையில் கத்தியோடு உட்கார்ந்தா. நான் சாக்குப் பை பிடித்தேன். சுற்றிலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள். பிலிப்பீன்காரர், சமோவாத் தீவார், கொரியர், ரஷ்யர், அந்த மண்ணின் ஆதிக்குடிகள். ஆதிக்குடிகளான தெனாயினா மக்கள் இந்த ஆற்றைக் கஹ்ட்னு என்று அழைக்கிறார்கள். தம் பிள்ளைகளுக்கு மூதாதையரின் முறையைப் பழக்கவென ஒரு வலைக்கு அனுமதி பெறுவதற்குக்கூட அவர்கள் 1980களில் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது.

"இந்த மீன் பொறந்த இடத்த எப்பிடி மகன் கண்டு புடிக்குது?" என்று ராத்தா கேட்டா.

"மணத்தால உம்மா. குஞ்சா இருக்கக்குள்ள குடிச்ச தண்ணிட மணம் மறக்காதாம். ரெண்டு மூணு வருசம் கடல்ல சுத்திட்டு அந்த மணத்தப் புடிச்சிட்டே வந்துரும்."

ராத்தா ஒன்றும் பேசவில்லை. குனிந்து மீனைக் கீறிக்கொண்டே இருந்தா. அவரும் வலையைத் தூக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குப் போய்விட்டார்.

சற்று நேரத்தில் அவருடைய தடி வில்லாக வளைந்தது. இழுத்து வந்தால், வலைக்குள் ஓர் அரச சால்மன். என் இடுப்பளவு நீளம். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. கரைக்குக் கொண்டுவரவும் கூடாது. நீருக்குள்ளேயே முழங்காலிட்டு, முகம்வரை அலை அடிக்க, வலை நூலை ஒவ்வொன்றாகச் செவுளிலிருந்து எடுத்தார். ஐந்தாறு நிமிடம் பிடித்தது. பிறகு வழிகாட்டி செய்ததைப் போலவே தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்திருந்தார். மீன் வாலை ஒரு தடவை அடித்துவிட்டுக் கலங்கிய நீருக்குள் மறைந்தது. அவர் கரைக்கு வந்தபோது கைகள் நீலமாகியிருந்தன. ராத்தா தன் சால்வையால் அந்தக் கைகளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டா. "இத விட்டது சரி" என்றா. நான் மருமகனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கூப்பர் லேண்டிங்கில் வாடிய முகம் அப்போதுதான் பழையபடி வந்தது.

அன்று எங்களுக்கு 31 மீன் கிடைத்தது. அங்கரேஜ் திரும்பி, விடிய விடிய மருமகளும் ராத்தாவும் குசினியில். ராத்தா ஊரிலிருந்து கொறக்காயும் கறித்தூளும் கொண்டுவந்திருந்தா. ஹலிபட் தலையில் தேங்காய்ப் பாலூற்றி வைத்த ஆணம் எங்கள் பெரிய மீன் ஆணத்துக்குச் சற்றும் குறையாது. சதை வெள்ளையாக, உதிர்ந்துவிடாமல் இருக்கும். ஆனால் சிவப்புச் சால்மனுக்குத் தேங்காய்ப்பால் ஒத்துவராது. அதில் கொழுப்பு அதிகம். கொறக்காயும் மிளகும் போட்டு வரட்டினால்தான் சரி. பொரிக்கும்போதும் எண்ணெய் மிகக் குறைவாக விட வேண்டும். உண்மையான சமன், டின் சமனைவிட ருசியா என்று கேட்பவர்களுக்கு ராத்தாவின் பதில்: "ரெண்டும் வேற வேற சாமான்."

மிச்ச மீனைக் காற்றகற்றிய பைகளில் அடைத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்தார்கள். ஒவ்வொரு பையிலும் ராத்தா தன் கையாலேயே தமிழில் எழுதினா. 'பொரிக்க', 'ஆணத்துக்கு', 'நோன்பு திறக்க', 'பெருநாளைக்கு'. எங்களை விமான நிலையத்தில் விட்டுத் திரும்பிய அன்றிரவு மருமகன் தொலைபேசியில் பேசினார். தமிழ் வாசிக்கத் தெரியாத அவருடைய இரண்டு பிள்ளைகளும் குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, இது என்ன, இது என்ன என்று ஒவ்வொரு பையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். அவர் வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.